படிக நீரும் உர மூட்டையும்

துத்தநாக சல்பேட் என்னும் நுண்ணூட்ட உரம் உரக் கடைகளில் இரு வகையாக விற்கப்படுகின்றது. ஒரு வகை மூட்டையில் 'ஹெப்டாஹைட்ரேட்' என்றும் மற்றொன்றில் 'மோனோஹைட்ரேட்' என்றும் அச்சிடப்பட்டிருக்கும். முன்னதில் துத்தநாகம் குறைந்தது 21 விழுக்காடும் பின்னதில் 33 விழுக்காடும் இருத்தல் வேண்டும் என்பது, 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் அமைந்த தரம். ஒரே பெயருடைய உப்பில் இத்துணை வேறுபாடு எங்ஙனம் வந்தது? கனிம வேதியியலார் 'படிக நீர்' என்று குறிப்பிடும் ஒன்றே இதற்குக் காரணம்.

பல உப்புகள் கரைசலிலிருந்து படிகமாகப் பிரியும்போது நீர் மூலக்கூறுகளையும் தம்முடன் சேர்த்துக்கொள்கின்றன. இந்நீர் ஈரம் அன்று. ஈரம் காற்றுக்கேற்பக் கூடும், குறையும். படிக நீரோ ஓர் உப்புக்கு இத்தனை மூலக்கூறு என்று கணக்காக அமைவது. கையில் எடுத்தால் உப்பு உலர்ந்தே இருக்கும். மயில்துத்தத்தைச் சோதனைக் குழாயில் இட்டு மெல்லச் சூடாக்கினால் நீராவி வெளியேறி, நீலம் மறைந்து, வெண்பொடி எஞ்சும். அதன்மீது ஒரு துளி நீர் விட்டால் நீலம் மீளும். ஜிப்சத்தைப் பதமாகச் சூடாக்கி, அதன் படிக நீரில் முக்காற்பங்கைப் போக்கினால் கிடைப்பதே பாரிஸ் சாந்து. முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுகையில் அச்சாந்து இழந்த நீரை மீண்டும் ஏற்று இறுகுகின்றது. நாம் வாங்கும் படிகாரத்திலும் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு நீர்தான்!

இவ்வுப்புகளின் வாய்பாட்டை எழுதும்போது உப்பின் குறியீட்டுக்கும் நீரின் குறியீட்டுக்கும் இடையே ஒரு புள்ளி வைப்பர். கணக்கில் போல அதற்குப் பெருக்கல் என்று பொருளில்லை. 'உடன்' என்று படிப்பதே பொருந்தும். 'ஹைட்ரேட்' என்பது நீரேறிய உப்பைக் குறிக்கும். கிரேக்க மொழியில் 'ஹெப்டா' ஏழு, 'மோனோ' ஒன்று. எனவே மூட்டையின் மேலுள்ள சொல் நீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கையையே கூறுகின்றது.

அவ்வேழும் ஒரே நிலையில் இருப்பவை அல்ல. ஆறு மூலக்கூறுகள் துத்தநாக அயனியைச் சூழ்ந்து நிற்க, ஏழாவது தனித்துச் சல்பேட்டை ஒட்டி நிற்கின்றது. ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே ஒரு மூலக்கூறு நீர் பிரியத் தொடங்கிவிடும். வட இந்தியக் கோடையில் கிடங்கு இவ்வெப்பத்தை எளிதில் எட்டும். அங்கு அடுக்கிய மூட்டைகளில் உரம் கட்டிதட்டிப் போவதில் வியப்பில்லை. மோனோஹைட்ரேட்டில் உள்ள ஒற்றை நீரைப் போக்குவதற்கோ 200 டிகிரிக்கும் மேல் வெப்பம் வேண்டும்.

தூய ஹெப்டாஹைட்ரேட் 100 கிலோவில் ஏறத்தாழ 44 கிலோ நீர். துத்தநாகம் 23 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மோனோஹைட்ரேட்டில் நீர் 10 கிலோ, துத்தநாகம் 36 கிலோ. இதனால் முன்னது தாழ்ந்த உரம் ஆகிவிடாது. அந்நீரால் பயிருக்குத் தீங்கும் இல்லை. ஆனால் மூட்டையின் விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்குவது சரியாகாது. ஒரு கிலோ துத்தநாகம் என்ன விலைக்குக் கிடைக்கின்றது என்று பார்த்தல் வேண்டும்.

துத்தநாகக் குறைவின் கேடு நம் நாட்டு நெல் வயல்களில் நேரில் அறியப்பட்ட ஒன்று. இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதியில் நெல் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குன்றிய 'கைரா' நோய், துத்தநாகக் குறைவால் விளைவது என்பதைப் பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒய். எல். நேனே 1966இல் வெளியிட்டார். கிருமியைத் தேடிய இடத்தில் ஓர் உப்பின் குறை வெளிப்பட்டது.

நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்னும் வழக்கமான பரிந்துரை, 21 விழுக்காட்டு வகையைக் கருதியது. 33 விழுக்காட்டு வகையாயின் 16 கிலோ போதும். இலைவழித் தெளிப்புக்கு 1,000 லிட்டர் நீரில் 5 கிலோவுடன் 2.5 கிலோ சுண்ணாம்பு சேர்ப்பர். மோனோஹைட்ரேட் எனில் உப்பு 3.2 கிலோ அளவில் நிற்க வேண்டும். மிகுந்தால் இலை கருகக்கூடும்.

கலப்படம் செய்வோருக்கும் படிக நீர் துணைபோகின்றது. மலிவான மக்னீசியம் சல்பேட்டும் ஏழு நீர் மூலக்கூறுகளுடன், ஹெப்டாஹைட்ரேட்டை ஒத்த வடிவில் படிகமாவதால், இரண்டையும் கண்ணால் பிரித்தறிதல் அரிது. டி.ஏ.பி. உரத்தை நீரில் கரைத்து, தெளிந்த கரைசலைத் துத்தநாக சல்பேட் கரைசலில் ஊற்றினால் தயிர் திரிந்தாற்போலக் கட்டியான வீழ்படிவு உண்டாகும். மக்னீசியம் சல்பேட் மட்டும் இருந்தால் இவ்வாறு ஆகாது. வயலில் இவ்விரு உரங்களையும் ஒன்றாகக் கலந்து இடலாகாது என்று கூறுவதும் இதனாலேயே: துத்தநாகம் பாஸ்பேட்டுடன் சேர்ந்து கரையா நிலையை அடைந்துவிட்டால், வேருக்கு எளிதில் எட்டாது.