பாழ் ஊரைப் படம் பிடிக்கப் போகிறீர்களா?



விடுமுறை வந்தால் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போய் வந்த காலம் மாறிவிட்டது. பொரளையில் என்னிடம் ஓதிய வாலிபர்கள் சிலர் ஒரு நாள் வந்து, "ஹஸ்ரத், ஆட்கள் விட்டுப்போன பழைய ஊர்களைப் படம் எடுக்கப் போறம். நீங்களும் வாங்க" என்றார்கள். பத்துப் பேர், ஒரு வேன், நாலு கமரா. மற்றவர்களிடம் கைத்தொலைபேசி. பாழடைந்த சுவரில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நானும் ஏறினேன். போய் வந்த பிறகு உங்களிடம் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

மதவாச்சி வழியாக மன்னார்ப் பாதையில் சென்று, முருங்கனில் திரும்பினால் சிலாவத்துறை. அதை அடுத்தது அரிப்பு. கடலோர மேட்டில், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பெரிய தூண்களோடு ஒரு மாளிகை இடிந்து நிற்கிறது. முதலாவது ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை இது. முத்துக் குளிப்பைப் பார்வையிட அவர் இங்கே வந்து தங்குவார். கடல் அந்த மேட்டை அரித்துக்கொண்டே வருவதால் சுவர்கள் சரிந்துவிட்டன. அது மேற்குக் கரை. மாலையில் சூரியன் தூண்களுக்குப் பின்னால் கடலில் இறங்குகிறது. பிள்ளைகள் படம் எடுத்துச் சலிக்கவில்லை.

தெற்கே போனால் மறிச்சுக்கட்டி. இங்கே ஓர் அதிசய நகரம் இருந்தது. முத்துக் குளிப்புக் காலத்தில் வெறும் மணலில் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். ஓலைக் கடைகள், தெருக்கள், நீதிமன்றம், வைத்தியசாலை எல்லாம் முளைக்கும். கீழக்கரையிலிருந்து நம் சகோதரர்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகளும் முக்குளிக்க வந்தார்கள். கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்து ஆழத்தில் இறங்கி, மூச்சு உள்ளவரை சிப்பி பொறுக்குவார்கள். கரை சேர்ந்ததும் சிப்பிகள் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று முக்குளித்தவருக்கு. பின்னர் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப் 1906இல் இங்கே அதிகாரியாக இருந்தவர். குளிப்பு முடிந்ததும் அத்தனை சனமும் கலைந்துவிடும், நகரமும் இருக்காது. அதன்பின் சிப்பி வளம் குன்றி, அந்தத் தொழில் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை.

இந்த இரண்டு இடங்களையும் பார்த்து வியந்தோம். மூன்றாவது இடத்தில்தான் எங்கள் வியப்பு வெட்கமாக மாறியது.

பாதையோரம் கூரையில்லாத ஒரு வீடு. சுவருக்குள் மரம் வளர்ந்திருந்தது. நல்ல காட்சி என்று ஒரு பிள்ளை வாசற்படியில் ஏறி நின்று கையை விரித்தார், மற்றவர் படம் எடுத்தார். பக்கத்துச் சிறு வீட்டிலிருந்து வயதான ஓர் உம்மா வெளியே வந்தார். அவர் கோபப்படவில்லை. "தம்பி, அதுல ஏறி நிக்காதீங்க. அது எங்கட வாப்பா கட்டின ஊடு" என்று மட்டும் சொன்னார்.

வாசகர்களே, 1990 அக்டோபரை நாம் மறந்திருக்க முடியாது. வடக்கில் வாழ்ந்த சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். முசலிப் பகுதிக் கிராமங்களும் அப்போது வெறுமையாயின. அந்த மக்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஏறத்தாழ இருபது வருடம் அகதிகளாகக் கிடந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்து திரும்பியபோது ஊரைக் காடு மூடியிருந்தது. 2017 மார்ச்சில் மாவில்லு காப்புக்காடு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, இது காடா, குடியிருந்த நிலமா என்ற சர்ச்சை நாடெங்கும் எழுந்தது. காட்டைக் காப்பதும் அவசியம், பிறந்த மண்ணில் குடியிருப்பதும் உரிமை. ஆனால் முன்பு அங்கே மனிதர் வாழ்ந்தார்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, இடிந்த சுவரும் கிணறும் கப்ருகளும்தான் மிஞ்சியிருந்தன.

எங்கள் பிள்ளைகள் மன்னிப்புக் கேட்டார்கள். உம்மா தண்ணீர் தந்துவிட்டு, "படம் எடுக்க வேணாமெண்டு சொல்லல்ல. அந்தக் கிணத்தையும் சேத்து எடுங்க. எனக்கும் ஒண்டு அனுப்புங்க. நாங்க இருந்ததுக்கு அதுதான் சாட்சி" என்றார். அன்று எடுத்த படங்களில் பிரதி போட்டு அனுப்பியது அந்த ஒன்றைத்தான்.

தபூக்கிற்குச் செல்லும் வழியில் ஸமூத் கூட்டத்தாரின் ஹிஜ்ரைக் கடந்தபோது, அங்கே வேடிக்கையாக நுழைய வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களை எச்சரித்தார்கள் என்பது நாம் அறிந்ததே. அது தம் அநியாயத்தால் அழிந்தவர்களின் ஊர். அங்கேயே அந்த அடக்கம் வேண்டுமென்றால், அநியாயம் இழைக்கப்பட்டவர்களின் வாசலில் நாம் எப்படி நிற்க வேண்டும்!

மறுநாள் தலைமன்னார் பழைய இறங்குதுறைக்குச் சென்றோம். 1914 முதல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. கொழும்பில் புகையிரதம் ஏறி, இங்கே கப்பல் மாறி, அக்கரையில் மீண்டும் புகையிரதம் ஏறிச் சென்னைக்குப் போன மூத்தவர்கள் உங்கள் குடும்பத்திலும் இருப்பார்கள். 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு ஒரு புகையிரதமே அலையில் போயிற்று. இன்று அங்கும் படம் எடுப்போர் கூட்டம்தான். ஆனால் அந்த இடிபாடுகளுக்கு அருகிலேயே மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டுப் பிழைக்கின்றன. ஆளில்லாத ஊர் என்று நாம் சொல்லும் ஊரிலும் ஆள் இருக்கிறது.

ஆகவே, பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரே, போகும் வாலிபரே! போவதைத் தடுக்கவில்லை. போய்ப் பாருங்கள். முதலில் அயலில் இருப்பவருக்கு ஸலாமோ வணக்கமோ சொல்லி அனுமதி கேளுங்கள். தளர்ந்த சுவரில் ஏறாதீர்கள். ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வராதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் ஓர் அடியும் வைக்காதீர்கள். படத்தின் பின்னால் ஊரின் பெயரையும் திகதியையும், அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் வெறும் அழகு. பெயர் எழுதிய படம் ஒரு சாட்சியம். முடிந்தால் அந்த வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அவரிடம் தம் வீட்டின் படம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.