அகரவரிசையும் கணிப்பொறியும்

விருத்தாசலம் என்றவுடன் பலர் உள்ளத்தில் எழுவது பழமலைநாதர் திருக்கோயில். அவ்வூருக்குப் பிறிதொரு சிறப்பும் உண்டு. அது பீங்கான் தொழில் வேரூன்றிய ஊர். அத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும், சூளைகளும், சிறு பட்டறைகளும் அங்கே உள்ளன. பிசைந்த மண் அச்சில் வார்க்கப்பட்டு, நெருப்பில் வெந்து, குவளையாகவும் ஜாடியாகவும் பாவையாகவும் வெளிவருவதைக் காண்பது கண்ணுக்கு விருந்தாகும். அங்கே எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தையே இன்று மாணவர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

பட்டறை உரிமையாளரான பெரியவர் ஒருவர் என் நண்பர். தம் சரக்குகளின் பெயர்களையும் இருப்பையும் அவர் பேரேட்டில் எழுதிவைப்பது வழக்கம். அப்பெயர்களை அகரவரிசையில் அடுக்கித் தருவதற்கு நான் கணிப்பொறி நிரல் ஒன்று எழுதினேன். கண் இமைக்கும் நேரத்தில் பட்டியல் அச்சாகி வந்தது. பெருமிதத்தோடு அதை அவரிடம் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.

சில நாள் கழித்து அவர் ஒரு லாரி மண் வரவழைத்தார். ஆனால், ஊர்ப்புறத்து வாடகைக் கிடங்கில் மண் முன்னரே குவிந்து கிடந்தது! பட்டியலில் 'மண்' என்னும் சொல்லை அவர் தேடியிருக்கிறார். 'மணல்' இருந்தது, அதன்பின் பல வகை மணிகள் பக்கத்தின் இறுதிவரை நின்றன. மணலுக்கு முன்னே இருக்கவேண்டிய மண் அங்கே இல்லை. ஆகவே இருப்புத் தீர்ந்தது என்று அவர் முடிவு செய்தார். மண்ணோ மணிகளுக்கெல்லாம் பின்னே, அடுத்த பக்கத்தில் இருந்தது. "தம்பி, உங்கள் பொறிக்கு அரிச்சுவடி கற்பிக்க மறந்துவிட்டீர்களா?" என்று அவர் கேட்டார். அவர் கடிந்து பேசவில்லை; ஆயினும் அவருடைய பணம் முடங்கியதற்கு நானே காரணம் என்பதை உணர்ந்து நாணினேன்.

பிழை எங்கே நேர்ந்தது? கணிப்பொறி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஓர் எண் தரப்பட்டுள்ளது. யூனிக்கோடு என்னும் உலகப் பொது முறையில் மகரத்துக்கு 2990, ணகரத்துக்கு 2979, லகரத்துக்கு 2994, புள்ளிக்கு 3021. மணல், மண் ஆகிய இரு சொற்களிலும் முதல் இரண்டு எண்கள் ஒன்றே. மூன்றாம் இடத்தில் மணலுக்கு 2994-உம், மண்ணுக்கு 3021-உம் வருகின்றன. சிறிய எண்ணை முன்வைப்பது பொறியின் இயல்பு. எனவே மணல் முந்தியது. நம் மரபிலோ ண் என்னும் மெய் முதலில் வரும். ண, ணா என்னும் உயிர்மெய்கள் அதன் பின்னரே வரும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இம்முறையிலேயே அமைந்துள்ளது.

மெய்யெழுத்துகளின் வரிசையிலும் இத்தகைய மாறுதல் உண்டு. நம் நெடுங்கணக்கு ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடிகிறது. எண் வரிசையில் னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும் நிற்கின்றன. ள, ழ இரண்டும் வகரத்தை முந்திவிடுகின்றன. அதனால் குவளைக்குப் பின் வரவேண்டிய குழாய் முன்னே வந்தது. பாவைக்குப் பின் வரவேண்டிய பானையும் அவ்வாறே முந்தியது. இறுதியில் நிற்கவேண்டிய ஜாடி, சகரச் சொற்களை ஒட்டி நின்றது.

இதை யாரோ அறியாமையால் செய்தார் என்று எண்ணிவிடலாகாது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே அமைப்பில் எண் வழங்கும் பொருட்டு 1988-இல் இஸ்கி என்னும் அட்டவணை வகுக்கப்பட்டது. ஒலியால் நெருங்கிய எழுத்துகள் அதில் அருகருகே வைக்கப்பட்டன. 1991-இல் வெளிவந்த யூனிக்கோடு அதனைப் பின்பற்றியது. ஒருமுறை வழங்கிய எண்ணைப் பின்னர் மாற்றுவதில்லை என்பது யூனிக்கோட்டின் உறுதியான கொள்கை. எண் என்பது எழுத்தின் முகவரியேயன்றி அதன் வரிசை அன்று.

இவ்விடர்ப்பாடு தமிழுக்கு மட்டும் உரியதா? அன்று. ஐரோப்பாவில் செக் மொழியைப் பாருங்கள். ரோமன் எழுத்துகளில் சி, எச் என்னும் இரண்டும் இணைந்து வருவதை அம்மொழியினர் ஒரே எழுத்தாகக் கருதி, எச் எழுத்துக்குப் பின் வைப்பர். கல்லாத பொறியோ அத்தகைய சொற்களைச் சி வரிசையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இரண்டு குறிகள் கூடி ஓரெழுத்தாவதை அங்கும் பொறிக்குக் கற்பிக்கவே வேண்டும்.

கற்பிக்கும் வழி எளிதே. மெய்கள் பதினெட்டுக்கும் 1 முதல் 18 வரை வரிசை எண் கொடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் புள்ளி பெற்ற மெய்க்கு 0, அகரம் ஏறியதற்கு 1, ஆகாரம் ஏறியதற்கு 2 என ஔகாரம் ஏறியதற்கு 12 வரை இட எண் கொடுங்கள். தனி உயிர்களும் ஆய்தமும் இவற்றுக்கெல்லாம் முன்னே, 0 என்னும் வரிசையில் நிற்கட்டும். ஜகரம் முதலிய வடவெழுத்துகள் 19 முதல் தொடரட்டும். இப்பொழுது மண் என்பது (10,1) (6,0) ஆகும். மணல் என்பது (10,1) (6,1) (13,0) ஆகும். இரண்டாம் எழுத்திலேயே 0 முந்துகிறது. மண் தன் இடத்தைப் பெறுகிறது. இவ்வாறு நிரலைத் திருத்தியபின், பெரியவர் தேடிய சொற்கள் தேடிய இடத்தில் கிடைத்தன. இன்று யூனிக்கோடு அமைப்பே பல மொழிகளின் வரிசை விதிகளைத் தொகுத்து வழங்குகிறது; தமிழ் மரபுக்கும் அதில் இடமுண்டு. நிரல் எழுதுவோர் அதைக் கேட்டுப் பெறவேண்டும்; கேளாதவர்க்குப் பொறி வெறும் எண் வரிசையையே தரும்.

பண்டைய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்துச் செய்யுளாகத் தந்தன. மனப்பாடம் செய்தவர்க்கே அவை கைகொடுத்தன. 1732-இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி, எழுத்து வரிசை அறிந்த எவரும் சொல்லைத் தேடிக் காணும் வழியைத் திறந்தது. வரிசை என்பது வைப்பவனுக்கும் தேடுபவனுக்கும் இடையே உள்ள ஓர் உடன்படிக்கை. அது குலையுமானால், உள்ள பொருளும் இல்லாத பொருளாகிவிடும். வாக்காளர் பட்டியலிலும் நூலகப் பட்டியலிலும் ஒரு பெயர் இவ்வாறு மறைந்துபோனால் விளையும் இன்னலை எண்ணிப் பாருங்கள்.

பொறி விரைவாகச் செய்யும். ஆனால் நாம் சொல்லிக் கொடுத்ததையே செய்யும். நாளை நிரல் எழுதப் போகும் மாணவர்களே, நீங்கள் மழலைப் பருவத்தில் பயின்ற நெடுங்கணக்கை அதற்கும் கற்பியுங்கள்.