களையை ஏமாற்றும் பயறுச் செடி

மேற்குக் கென்யாவின் மக்காச்சோள வயலில் ஊதாப் பூ தலைகாட்டினால் விவசாயி கலங்கிவிடுவார். அது ஸ்ட்ரைகா. தமிழ்நாட்டில் சுடுமல்லி எனப்படும் களையின் இனம். சோள வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சும். பூ தெரியும்போது பயிர் வாடியிருக்கும், பிடுங்கியும் பயனில்லை. உதிரும் ஆயிரக்கணக்கான விதைகள் மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

1990களில் அங்குள்ள இசிபே பூச்சி ஆய்வு மையத்தினர், தண்டுத் துளைப்பானை விரட்டச் சோளத்திற்கிடையே டெஸ்மோடியம் என்ற பயறு வகைச் செடியை நட்டனர். களையும் ஒழிந்தது! இதன் வேர்க் கசிவு களை விதையை முளைக்க வைக்கும். சோள வேரைப் பற்றவிடாது. முளைத்த களை பட்டினியால் மடியும். மண்ணுக்குத் தழைச்சத்து, மாட்டுக்குத் தீனி.

ஆனால் இதைச் சமைத்து உண்ண முடியாது. சோளத்தோடு பீன்ஸ் ஊன்றிப் பழகிய குடும்பம் அந்த இடத்தை இதற்கு விட்டுத்தர வேண்டியிருக்கிறது.