ஹாம்பர்க் கப்பல் பட்டறை

1877-ம் வருஷத்தில் ஹெர்மன் புளோம், எர்ன்ஸ்ட் வோஸ் என்ற இருவர் ஹாம்பர்க் நகரில், எல்ப் நதித் தீவொன்றில், கப்பல் கட்டும் கம்பெனியொன்றை ஸ்தாபித்தார்கள். உள்ளூர் வர்த்தகர்களோ இங்கிலாந்தில் செய்த கப்பல்தான் கப்பல் என்றிருந்தார்கள். (நாம் அறியாத மனோபாவமா இது!) கேட்பாரின்றி, சொந்தப் பணத்தைப் போட்டே முதற் கப்பலைக் கட்டவேண்டியிருந்தது.

அதே கம்பெனி 1913-ல் 'பாட்டர்லாண்ட்' என்னும் 54,000 டன் கப்பலை நீரில் இறக்கியது. அன்று உலகில் அதனினும் பெரிய கப்பல் இல்லை. மறு வருஷம் யுத்தம் மூண்டபோது அது நியூயார்க் துறைமுகத்தில் அகப்பட்டுக்கொண்டது. 1917-ல் அமெரிக்க ஸர்க்கார் அதைக் கைப்பற்றி, 'லெவயதன்' என்று பெயரிட்டுப் பட்டாளத்தை ஏற்றியனுப்பினார்கள்.

யுத்தம் ஓய்ந்தபின் அதை மீண்டும் பிரயாணக் கப்பலாக்கக் கட்டுமானப் படங்கள் தேவைப்பட்டன. கட்டியவர்கள் கேட்ட விலை பத்து லட்சம் டாலர்! தோற்ற தேசத்துக்கு இவ்வளவு மிடுக்கா? ஆனால் கப்பலைப் பறித்தவர்களால் அதன் சூத்திரத்தைப் பறிக்க முடியவில்லையே! வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸ் என்ற அமெரிக்க நிபுணர் விடவில்லை. ஆட்களை ஏவி, கப்பலை அடி முதல் முடி வரை அளந்து, புதிதாகவே படங்கள் வரைவித்தார். 1923-ல் கப்பல் மறுபடி ஓடிற்று.

ஹிட்லர் காலத்தில் அப் பட்டறையில் 'பிஸ்மார்க்' போர்க்கப்பல் உருவாயிற்று; பிற்பாடு சிறைமுகாம் கைதிகளும் அங்கே வாட்டி வேலை வாங்கப்பட்டார்கள். 1945-க்குப் பின், வென்றவர்கள் பட்டறையைப் பிரித்தெடுத்தார்கள். அது மீண்டும் தலையெடுத்தது. 2016-ல் லூர்ஸென் என்ற மற்றொரு ஜெர்மன் கம்பெனி அதை விலைக்கு வாங்கிற்று.