இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை என்பது தேய்ந்து சிதைந்த இடுப்பு அல்லது முழங்கால் மூட்டின் உராயும் பரப்புகளை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் உலோகம், நெகிழி, பீங்கான் ஆகியவற்றால் ஆன செயற்கைப் பரப்புகளைப் பொருத்தும் மருத்துவ முறையாகும். குருத்தெலும்புத் தேய்மானத்தால் வரும் மூட்டு வாதத்திற்கே இது பெரும்பாலும் செய்யப்படுகிறது. முடக்கு வாதம், எலும்பு முறிவு, இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தொடையெலும்பின் தலை நலிதல் ஆகியவற்றிற்காகவும் செய்யப்படுவதுண்டு.

அறுவைக்கு முந்தைய மருத்துவம்

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால் அது தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ளும் ஆற்றல் மிகக் குறைவு. தேய்ந்ததை மீட்டுத் தரும் மருந்தும் இல்லை. தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி, எடைக் குறைப்பு, அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் ஆகியவையே முதற்கட்ட மருத்துவம். கைத்தடியை நோயுற்ற காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடித்தால்தான் இடுப்பு மூட்டின் சுமை நன்கு குறையும். மூட்டினுள் இடப்படும் ஸ்டீராய்டு ஊசியின் பயன் சில வாரங்களுக்கே நீடிக்கும். குளுக்கோசமைன் மாத்திரைகள் பரவலாக விற்பனையானாலும் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டுதல்கள் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

நுண்துளை வழியே முழங்காலைக் கழுவித் துப்புரவு செய்யும் முறை ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவினருக்குத் தோலில் மட்டும் கீறி, வேறெதுவும் செய்யாமல் தையல் போடப்பட்டது. ஈராண்டுகளுக்குப் பின்னும் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வலியில் வேறுபாடு காணப்படவில்லை.

முழங்காலின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கால் வளைந்திருக்கும் இளம் வயதினருக்குக் கணைக்கால் எலும்பின் மேற்பகுதியை வெட்டி நேராக்கிச் சுமையை மறுபக்கத்திற்கு மாற்றுவதும் உண்டு. இதனால் மூட்டு மாற்றத்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட முடியும்.

வரலாறு

பெர்லினில் தெமிஸ்டோகிளஸ் குளூக் 1890 ஆம் ஆண்டிலேயே தந்தத்தாலான முழங்கால் மூட்டைப் பொருத்தினார். எனினும் அவர் தேர்ந்தெடுத்தவை காசநோயால் அழிந்த மூட்டுகளாதலால் நோய்த்தொற்றினால் அம்முயற்சி நிலைக்கவில்லை.

இன்றைய முறைக்கு அடித்தளமிட்டவர் இங்கிலாந்தின் லங்காசயர் பகுதியிலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி ஆவார். உராய்வைக் குறைப்பதே வழி எனக் கருதிய அவர், 22 மி.மீ. அளவே கொண்ட சிறிய உலோகத் தலையையும் டெஃப்லான் கிண்ணத்தையும் இணைத்து, பல் மருத்துவத்திலிருந்து பெற்ற அக்ரிலிக் பிசினால் எலும்பில் பதித்தார். தொடக்கத்தில் நோயாளிகள் வலியின்றி நடந்தனர். ஆனால் சில ஆண்டுகளில் கிண்ணம் விரைந்து தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் சுற்றியுள்ள திசுவில் கட்டிகளை உண்டாக்கின. ஏறத்தாழ 300 பேருக்கு இம்மூட்டு பொருத்தப்பட்டிருந்தது. டெஃப்லானால் விளைந்த தீங்கை அறியச் சார்ன்லி அதனைத் தம் தொடையிலேயே செலுத்திச் சோதித்தார்.

தீர்வு நெசவாலையின் வழியாக வந்தது. விசைத்தறிப் பல்சக்கரங்களுக்கான ஒரு நெகிழியை விற்பனை முகவர் ஒருவர் 1962 இல் கொண்டுவந்து காட்டினார். சார்ன்லி அதனைப் பொருட்படுத்தவில்லை. அவர் வெளியூர் சென்றிருந்தபோது ஆய்வகத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் அதனைத் தேய்மானப் பொறியில் ஏற்றி ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்குக்கூட அது மூன்று வாரங்களில் தேயவில்லை. மிகையுயர் மூலக்கூற்று எடை கொண்ட பாலியெத்திலீன் என்னும் இப்பொருள் அவ்வாண்டு நவம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் மேம்பட்ட வடிவங்களே இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

முழங்கால்

முழங்கால் மடங்கும்போது உருண்டும் வழுக்கியும் சற்றே சுழன்றும் இயங்குவதால் எளிய கீல் அதற்குப் பொருந்தாது. ரைட்டிங்டனில் பணிபுரிந்த கனடியர் பிராங்க் கன்ஸ்டன் 1968 இல் ஒரு வடிவத்தைப் பொருத்தினார். நியூயார்க்கில் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ராணாவத் முதலானோர் உருவாக்கி 1974 இல் பயன்படுத்திய வடிவமே பின்வந்தவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. ஒரு பகுதி மட்டும் தேய்ந்தவர்களுக்கு அப்பகுதியை மட்டும் மாற்றும் முறையும் உண்டு. அதில் உடல் விரைவில் தேறும். ஆனால் மறு அறுவை கூடுதலாகத் தேவைப்படும்.

ஆயுளும் சிக்கல்களும்

பல நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019 இல் வெளியான ஆய்வின்படி, 25 ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைத்திருப்பவை இடுப்பில் ஏறத்தாழ 58 விழுக்காடு, முழு முழங்காலில் 82 விழுக்காடு. பொருத்து நிலைத்திருப்பதும் நோயாளி நிறைவடைவதும் ஒன்றல்ல: முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஐவரில் ஒருவருக்கு நீடித்த வலி எஞ்சுகிறது. இடுப்பில் இவ்விகிதம் குறைவு. இளம் வயதில் செய்துகொண்டால் வாழ்நாளில் மறு அறுவைக்கான வாய்ப்பு மிகுதி. அது முதல் அறுவையை விடக் கடினமானது. நோய்த்தொற்று, காலில் இரத்தம் உறைதல், இடுப்பு மூட்டு நழுவுதல் ஆகியவை பிற சிக்கல்கள்.

நெகிழித் துகள்கள் எலும்பை அரிப்பது கண்டு, உலோகத்தோடு உலோகம் உராயும் இடுப்பு மூட்டுகள் 1990களில் மீண்டும் வழக்கிற்கு வந்தன. அவற்றுள் சில கோபால்ட், குரோமியம் ஆகியவற்றை இரத்தத்தில் கலக்கவிட்டுத் திசுக்களைச் சிதைத்தன. டிபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். வகை 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. ஒவ்வொரு பொருத்தையும் பதிந்து கண்காணிக்கும் ஆஸ்திரேலியப் பதிவேடு அதன் மிகுதியான தோல்வி விகிதத்தை அதற்கு முன்னரே சுட்டியிருந்தது. இத்தகைய பதிவேட்டை முழங்காலுக்கு 1975 இலும் இடுப்புக்கு 1979 இலும் தொடங்கிய நாடு சுவீடன்.