கண்ணாடிக் கடைக்கும் கண் டாக்டருக்கும் நடுவே

எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம். ஊரிலிருந்து மாற்றலாகி வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. இரண்டாம் வகுப்பில் படித்த மகன், கரும்பலகையில் இருப்பதைத் தப்பும் தவறுமாகவே நோட்டில் எழுதி வந்தான். 'புது ஊர், புது மொழி. இந்தி பழகும்வரை அப்படித்தான்' என்றார் ஆசிரியை. பெற்றோரும் நம்பிவிட்டார்கள்.

கோடை விடுமுறைக்குச் சென்னை போனபோது, பாட்டியின் கண்புரையைக் காட்டக் கண் மருத்துவமனைக்குச் சென்றனர். கூடவே பையனையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். இரு கண்களிலும் பவர் இருந்தது. வலக்கண்ணில் மிக அதிகம். குறை இந்தியில் இல்லை, கண்ணில்! அதைக் கண்டுபிடித்த இளம்பெண்ணை "டாக்டரம்மா" என்று தாயார் அழைக்க, "நான் டாக்டர் இல்லைங்க, ஆப்டோமெட்ரிஸ்ட்" என்றாராம் அவர்.

அது என்ன படிப்பு என்று நம்மில் பலர் கேட்கக்கூடும். கண் நோய்க்கு மருந்து தருபவர், அறுவை செய்பவர் கண் மருத்துவர். சீட்டில் எழுதியபடி கண்ணாடி செய்து தருபவர் ஆப்டிஷியன். இருவருக்கும் நடுவே, பார்வையை அளந்து குறையைக் கண்டறிந்து, கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ பரிந்துரைத்து, நோயின் அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புபவரே ஆப்டோமெட்ரிஸ்ட்.

நம் நாட்டில் 1958-இல் அலிகரிலும் ஐதராபாத்திலும் கண் மருத்துவமனைகளில் இரண்டாண்டு டிப்ளமாவாக இப்படிப்பு தொடங்கியது. இதை நான்காண்டுப் பட்டப்படிப்பாக உயர்த்தியது சென்னை. 1978-இல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயாவின் சார்பில், 1985-இல் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி தொடங்கப்பட்டது. முதலில் பிலானியின் பிட்ஸ் நிறுவனத்துடனும், பின்னர் தஞ்சையின் சாஸ்திரா பல்கலைக்கழகத்துடனும் இணைந்து பட்டம் வழங்கியது. பத்ரிநாத் 2023-இல் மறைந்தார். அன்று ஊன்றிய விதையோ இன்று நாடெங்கும் பல பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பாகப் பரவியிருக்கிறது.

மாணவர்கள் ஒளியியல், கண்ணின் அமைப்பு, கண் நோய்கள் முதலியவற்றைப் படிக்கிறார்கள். இறுதி ஆண்டு முழுவதும் நேரடிப் பயிற்சி. அவர்கள் கைக்கொள்ளும் கருவிகளில் அருமையானது ரெட்டினாஸ்கோப். எழுத்துப் பலகையைப் படிக்கத் தெரியாத குழந்தையின் பவரையும் இதனால் அளந்துவிடலாம். கண்மணிக்குள் ஒரு கீற்று ஒளியைப் பாய்ச்சி மெல்ல அசைத்தால், உள்ளிருந்து திரும்பும் செவ்வொளியும் அசையும். அந்த அசைவு நிற்கும்வரை லென்ஸ்களை மாற்றி வைத்துப் பார்த்துக் கணக்கிடுகிறார்கள். குழந்தை ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை.

இதில் காலம் மிக முக்கியம். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தால், மூளை அந்தக் கண் தரும் மங்கலான படத்தை ஒதுக்கிவிடும். இதையே 'சோம்பேறிக் கண்' என்கிறோம். சரியான கண்ணாடி போட்டு, தேவையானால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்தால் அது விழித்துக்கொள்ளும். ஏழெட்டு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பின்னர் கடினம். ஒரு கண் நன்றாக இருப்பதால் குழந்தை புகார் சொல்லாது என்பதுதான் ஆபத்து.

2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டத்தில் ஆப்டோமெட்ரிஸ்டும் இடம்பெற்றிருக்கிறார். படிப்புக்கும் பதிவுக்கும் நாடு முழுவதும் ஒரே அளவுகோல் என்பது இதன் நோக்கம். ஆகவே பிளஸ் டூவில் அறிவியல் படித்து, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் மனம் சோர்ந்த பிள்ளைகள் இதையும் எண்ணிப் பார்க்கலாம். தில்லியில் எய்ம்ஸிலும் இப்படிப்பு உண்டு. சேர்க்கை விதிகளை அந்தந்த ஆண்டில் கேட்டறிவது நல்லது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் சேர்க்கும் முன்பே குழந்தையின் இரு கண்களையும் தனித்தனியே பரிசோதித்துவிடுங்கள். டி.வி.யை நெருங்கிப் பார்ப்பது, தலையைச் சாய்ப்பது, ஒரு கண்ணை மூடிக்கொள்வது ஆகியவற்றைக் கவனியுங்கள். தினமும் வெயில் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். அது கிட்டப்பார்வை வருவதைக் குறைக்கிறது.

அந்தப் பையன் இப்போது கண்ணாடியோடு பள்ளிக்குப் போகிறான். மாலையில் இரண்டு மணி நேரம் இடக்கண்ணை மூடிக்கொண்டு கோலிக்குண்டு ஆடுகிறான். கரும்பலகையைப் பார்த்து எழுதும் இந்தியில் இப்போது பிழை இல்லை.