முந்தினால்தான் சோறு (நெரிசல் நகரங்கள் – 9)

டாக்காவில் ஃபார்ம்கேட் பக்கம் முதன்முதலாகப் பேருந்து ஏறிய அன்று, எப்படி இறங்க வேண்டும் என்று கூட வந்த நண்பர் பாடம் எடுத்தார். அவர் உள்ளூர்ப் பத்திரிகையாளர். "இடது காலை முதல்ல வைங்க. மறந்துடாதீங்க" என்றார். வீட்டுக்கு வரும் மருமகளை வலது காலை எடுத்து வைக்கச் சொல்லும் ஊரிலிருந்து போனவன் நான். சிரித்துவிட்டேன். ஷாபாக் வந்ததும் சிரிப்பு அடங்கியது. பேருந்து நிற்கவே இல்லை, வேகத்தைக் குறைத்தது, அவ்வளவுதான். வண்டி போகும் திசையைப் பார்த்தபடி இடது காலை ஊன்றி, அதோடு நாலடி ஓடி நின்றால் பிழைத்தோம். வலது காலை வைத்தால் உடம்பு ஒரு பக்கம் திரும்பி, பின்சக்கரத்தின் பக்கம் சாயும்.

வாசலில் தொங்கும் உதவியாளரை அங்கே 'ஹெல்பர்' என்கிறார்கள். பயணிகள் அவரைக் கூப்பிடுவது 'மாமா' என்று. நம் மாமாவேதான், அதே பொருளில். ஹெல்பர் ஓட்டுநரைக் கூப்பிடுவது 'உஸ்தாத்'. பெண்கள் இறங்கும்போது அவர் தகரத்தை ஓங்கித் தட்டி ஒரு குரல் கொடுப்பார். 'மெதுவா, லேடீஸ், கையில குழந்தை' என்று பொருள். குழந்தை இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. குழந்தை என்று சொன்னால்தான் உஸ்தாத் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். இன்னொரு குரலும் உண்டு: 'பாயே பிளாஸ்டிக்'. இடப்பக்கம் பிளாஸ்டிக் வருகிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் என்றால் சொந்தக் கார். பேருந்து இரும்பு, கார் பிளாஸ்டிக். உரசினால் யாருக்கு நஷ்டம் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

நிறுத்தத்தில் நிற்காத இதே பேருந்து, நிறுத்தமே இல்லாத இடத்தில் அரை மணி நேரம் நிற்கும். டாக்காவில் வாகனங்களின் சராசரி வேகம் பத்தாண்டுகளில் மணிக்கு 21 கிலோமீட்டரிலிருந்து 7 கிலோமீட்டராகக் குறைந்துவிட்டது என்று 2017-இல் உலக வங்கி கணக்குச் சொன்னது. நெரிசலில் நாளொன்றுக்கு 32 லட்சம் வேலை மணி நேரம் வீணாகிறது என்பதும் அதே கணக்கு. ஏழு கிலோமீட்டர் என்றால் கொஞ்சம் எட்டி நடப்பவர் பேருந்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடலாம்.

இப்படி ஊர்ந்து போகும் நகரத்தில் வேகத்தால் எப்படி ஆள் சாகிறார்கள்? டாக்கா போவதற்கு முன் எனக்கிருந்த குழப்பம் இதுதான். நெரிசல் ஒரு நோய், விபத்து வேறொரு நோய் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே நோய் என்று தெரிந்துகொள்ள, அந்த ஊர்ப் பேருந்தில் பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

டாக்காவில் ஒரு பேருந்துக் கம்பெனி என்பது பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகைதான். அதன் கீழே பல முதலாளிகள். ஒருவருக்கு ஒரு வண்டி, இன்னொருவருக்கு மூன்று. முதலாளி காலையில் வண்டியை ஓட்டுநரிடம் ஒப்படைக்கிறார். மாலையில் இவ்வளவு பணம் தந்துவிட வேண்டும் என்பது பேச்சு. இதற்குப் பெயர் 'ஜமா'. தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில் நாம் கேட்கிற அதே ஜமாதான். அதற்கு மேல் டீசல். அதற்கு மேல் வழியெங்கும் சங்கத்தின் பெயராலும் கட்சியின் பெயராலும் பிடுங்கப்படும் 'சாந்தா'. நாம் வாரப் பத்திரிகைக்குக் கட்டுவதைச் சந்தா என்கிறோம். அதே சொல் டாக்கா சாலையில் மாமூலாகிவிட்டது. இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் ஓட்டுநருக்கும் ஹெல்பருக்கும் கூலி. மிஞ்சவில்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை.

இப்போது உஸ்தாத்தின் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த நிறுத்தத்தில் இருபது பேர் நிற்கிறார்கள். பின்னால் அதே தடத்தில் இன்னொரு வண்டி வருகிறது. என்ன செய்வீர்கள்? நிறுத்தத்தில் வண்டியைக் குறுக்கே சாய்த்துப் போட்டு, பின்னவன் முந்த முடியாதபடி வழியை அடைத்துக்கொண்டு, கடைசி ஆள் ஏறும்வரை நிற்பீர்கள். பின்னால் நூறு வாகனம் ஹாரன் அடிக்கும். அது நெரிசல். பின்னவன் எப்படியோ நுழைந்து முன்னே போய்விட்டால், அடுத்த நிறுத்தத்தின் கூட்டம் அவனுக்கு. சாலை கொஞ்சம் திறந்ததும் அவனைத் துரத்துவீர்கள். அது விபத்து. காலையிலிருந்து மாலைவரை இந்த இரண்டும்தான் வேலை. இதில் ஓட்டுநரின் குணம் எங்கே வருகிறது?

எங்கள் பக்கத்துத் தனியார் பேருந்துகளைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது புதிதில்லை. 'டைமிங் தகராறு' என்ற சொல் தமிழ்நாட்டில் பேருந்து நிலையம் உள்ள எந்த ஊருக்கும் தெரியும். முன் வண்டி இரண்டு நிமிடம் தாமதமாக எடுத்தால், பின் வண்டியின் கலெக்‌ஷனில் கை வைத்ததாக அர்த்தம். நான் பள்ளிக்கூடம் போன நாள்களில், பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு வண்டியின் முன்னால் இன்னொரு வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, இரண்டு கண்டக்டர்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டைம் கீப்பர் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடுவே புகுந்து விலக்கிவிட்டார். அன்று எனக்குக் கணக்குப் பரீட்சை. ஆனால் நம் ஊரில் வண்டிக்கென்று பர்மிட் நேரம் எழுதிவைத்திருக்கிறது. சண்டை போடவாவது ஒரு நேரம் இருந்தது. டாக்காவில் நான் பார்த்தவரை அதுவும் இல்லை.

2018 ஜூலை 29. டாக்கா விமான நிலையச் சாலை, குர்மிடோலா. கல்லூரி விட்டு மாணவர்கள் பேருந்துக்காக நிற்கிறார்கள். ஒரே கம்பெனியின் பேருந்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்து, அதில் ஒன்று கூட்டத்துக்குள் ஏறியது. ஒரு மாணவியும் ஒரு மாணவனும் இறந்தார்கள். ஒரே கம்பெனி என்பதைக் கவனியுங்கள். எதிரி கம்பெனியோடு அல்ல, தன் பெயர்ப்பலகையோடேதான் போட்டி.

அன்றைக்கே கப்பல் துறை அமைச்சர் ஷாஜஹான் கானிடம் செய்தியாளர்கள் இதைக் கேட்டார்கள். கப்பல் அமைச்சரிடம் பேருந்தைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? நாட்டின் சாலைப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்புக்கும் அப்போது அவர்தான் செயல் தலைவர். அவர் சிரித்துக்கொண்டே, இந்தியாவில் மகாராஷ்டிரத்தில் 33 பேர் இறந்தார்களே, அங்கே இவ்வளவு பேசுகிறார்களா என்ற மாதிரி பதில் சொன்னார். அந்தச் சிரிப்பு கேமராவில் பதிவானது. மறுநாளிலிருந்து யூனிஃபாரம் போட்ட பிள்ளைகள் சாலைக்கு வந்தார்கள்.

அவர்கள் செய்ததை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. வண்டிகளை நிறுத்தி லைசென்ஸ் கேட்டார்கள். போலீஸ் வண்டிகளிலேயே உரிய தாள்கள் இல்லை. தவறான திசையில் வந்த வர்த்தக அமைச்சரின் காரைத் திருப்பி அனுப்பினார்கள். ரிக்‌ஷாவுக்கு ஒரு வரிசை, காருக்கு ஒரு வரிசை, ஆம்புலன்ஸுக்கு ஒரு தனி வழி என்று பிரித்துவிட்டார்கள். டாக்காவில் ஆம்புலன்ஸுக்கு வழி! 'நாட்டைப் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது, தற்காலிக இடைஞ்சலுக்கு வருந்துகிறோம்' என்று ஓர் அட்டையில் எழுதிப் பிடித்திருந்தார்கள். சாலைப் பணியில் நாம் தினம் பார்க்கிற அறிவிப்பின் சாயல். பிறகு அடியும் கண்ணீர்ப்புகையும் வந்தன. இதைப் பற்றித் தொலைக்காட்சிப் பேட்டியில் பேசிய புகைப்படக் கலைஞர் ஷாஹிதுல் ஆலம் நூறு நாளுக்கு மேல் சிறையில் இருந்தார்.

செப்டம்பரில் புதிய சாலைப் போக்குவரத்துச் சட்டம் நிறைவேறியது. கவனக்குறைவாக ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தினால் மூன்றாண்டாக இருந்த அதிகபட்சத் தண்டனை ஐந்தாண்டானது. 2019 டிசம்பரில் குர்மிடோலா வழக்கின் தீர்ப்பும் வந்தது. இரண்டு ஓட்டுநர்களுக்கும் ஓர் உதவியாளருக்கும் ஆயுள் தண்டனை. விசாரணையைச் சந்தித்த முதலாளி விடுதலை.

ஓட்டுநர்கள் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். ஆனால் போட்டியை நடத்தியவர் வெளியே, ஓடியவர் உள்ளே என்றால், மறுநாள் காலை அதே தடத்தில் வேறொரு உஸ்தாத் உட்காருவார், அதே ஜமாவுக்கு. ஊழியர்களுக்கு நியமனக் கடிதம் தர வேண்டும் என்று அந்தப் புதிய சட்டத்திலேயே இருக்கிறது. நான் போன பேருந்தின் ஓட்டுநரிடம் நண்பர் மூலம் அதைக் கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார்.

இந்த முடிச்சைச் சரியான இடத்தில் பிடித்தவர் ஒருவர் இருந்தார். ஆனிசுல் ஹக், ஆயத்த ஆடை ஏற்றுமதியாளர், தொலைக்காட்சி முகம், 2015-இல் வட டாக்காவின் மேயரானவர். தேஜ்காவில் சாலையை ஆக்கிரமித்திருந்த லாரி நிறுத்தத்தை அவர் அகற்றியபோது, சங்கத்தார் அவரைச் சூழ்ந்து மணிக்கணக்கில் வெளியே விடவில்லை. இருந்தும் செய்து முடித்தார். அவருடைய பெரிய திட்டம், நகரத்தின் அத்தனை பேருந்துகளையும் ஒரு சில கம்பெனிகளுக்குள் கொண்டுவருவது. ஒரு தடம் ஒரு கம்பெனிக்கு, வசூல் முழுக்க ஒரே பெட்டிக்கு, ஓட்டுநருக்குச் சம்பளம். பின்னால் வருவதும் நம் பெட்டிக்கான வண்டி என்றால் யார் யாரை முந்துவார்கள்? 2017 நவம்பரில் அவர் லண்டனில் இறந்துபோனார்.

அந்தத் திட்டம் 2021 டிசம்பர் 26-இல் 'டாக்கா நகர் பரிபஹன்' என்ற பெயரில், காட்டார்சர் – காஞ்ச்பூர் தடத்தில் தொடங்கியது. பழைய வண்டிகளும் அதே சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. விடிந்தால் கிளம்பும் ஜமா வண்டியோடு சம்பள வண்டி போட்டி போட முடியுமா? தேய்ந்துபோனது. 2025 பிப்ரவரியில் இன்னொரு முயற்சி: இளஞ்சிவப்புப் பேருந்துகள், கவுன்ட்டரில் டிக்கெட். சில நாள்களுக்குள் தொழிலாளர்களில் ஒரு சாரார் மறியலில் உட்கார்ந்தார்கள், பழைய முறையே வேண்டும் என்று. கேட்பதற்கு வினோதமாக இருக்கும். ஆனால் இன்றிரவு கையில் வரும் காசை விட்டுவிட்டு, மாதக் கடைசியில் வருமா வராதா என்று தெரியாத சம்பளத்தை யார் நம்புவார்கள்?

டெல்லி இதே வழியில் வந்த நகரம்தான். 1992-இல் ரெட்லைன் என்று தனியார் பேருந்துகளை விட்டார்கள். ஆள்கள் சாகச் சாக, நிறத்தை மாற்றிப் புளூலைன் ஆக்கினார்கள். நிறம் மாறியதே தவிர வசூல் முறை மாறவில்லை, சாவும் நிற்கவில்லை. கடைசியில் ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கும் முறை வந்து, புளூலைன்கள் ஒழிந்தன. சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பிய மின்சாரப் பேருந்துகளும் அந்த வகைதான். கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தவர், ஓட்டுநர் ஒப்பந்த நிறுவனத்தவர், நிறுவனத்துக்குக் காசு கிலோமீட்டருக்கு. இதிலும் ஓட்டை உண்டு. கூட்டத்தால் லாபமில்லை என்றானபின், ஓடிவரும் கிழவிக்காக ஏன் நிற்க வேண்டும்? நின்றாரா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது தனிக் கதை, இன்னொரு வாரம் சொல்கிறேன்.

மிர்பூரில் ஓர் இரவு, கடைசி டிரிப் முடிந்த பேருந்து ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். ஹெல்பர் பையனுக்குப் பதினாறு, பதினேழு இருக்கும். நீளவாக்கில் மடித்து விரலிடுக்குகளில் செருகியிருந்த நோட்டுகளை எடுத்து, என்ஜின் மூடி மேல் வகைவகையாக அடுக்கினான். முதலாளியின் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து ஜமாவை எண்ணி வாங்கிக்கொண்டு, இறங்காமலே போய்விட்டார். டீசலுக்கு ஒரு கட்டு. சாந்தா வழியிலேயே போயிருந்தது. மிச்சத்தை உஸ்தாத் இரண்டாகப் பிரித்தார், சரிபாதியாக அல்ல. பையன் தன் பங்கை எண்ணாமல் பையில் செருகினான். முதல் டிரிப் விடியற்காலை. பக்கத்தில் கிடந்த வண்டியின் ஹெல்பரிடம் போய், நாளைக்கு நீங்கள் எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

(தொடரும்)